நூலகர் இனிச் செய்யவேண்டிய பணி

நூலகர் என்னும் சொல்லைக் கேட்ட அளவில் பெரும்பாலார் உள்ளத்தில் தோன்றுவது ஒரு பழைய ஓவியமே. காலையில் கதவைத் திறப்பவர். நாளிதழ்களை நீள்பலகைமேல் விரிப்பவர். கேட்ட பொத்தகத்தைப் பேழையினின்று எடுத்துக் கொடுப்பவர். நாள் கடந்து திருப்புவாரிடம் தண்டம் பெறுபவர். மாலையில் விளக்கணைத்துக் கதவைச் சாத்துபவர். இவ்வளவே நூலகர் வேலை என்று கருதுவார் இன்றும் பலர் உளர். அவ்வாறு கருதுவார் பொதுமக்கள் மட்டுமேயாயின் அதனாற் பெருங்கேடு இல்லை. நூலகத்திற்குப் பொருள் ஒதுக்குவோரும் ஆள் அமர்த்துவோரும் அவ்வாறே கருதும்பொழுதுதான் கேடு விளைகின்றது. கதவு திறக்க ஒருவர் போதும், எஞ்சிய வேலையைக் கணிப்பொறி செய்துகொள்ளும் என்னும் பேச்சு இற்றைநாளில் பல இடங்களிலும் எழுந்துள்ளது. அப்பேச்சு எத்துணைப் பிழையானது என்பதையும், அதன்வழி நடப்பின் தமிழ் நூல்கட்கு நேரும் இழப்பு யாது என்பதையும் தமிழறிந்தார் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நூலகர் பணி மாறுவது இது முதன்முறை அன்று. கல்லூரியில் கணக்காசிரியராக இருந்த சீர்காழி இரா. அரங்கநாதன் 1924-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். இலண்டன் சென்று நூலகக் கல்வி பயின்று மீண்ட அவர், பூட்டிக் கிடந்த பேழைகளைத் திறந்துவிட்டார். படிப்பவர் தாமே அடுக்குகளின் நடுவே சென்று நூல்களைப் புரட்டிப் பார்த்து எடுக்கும் முறையைக் கொணர்ந்தார். 1931-இல் நூலகவியலின் ஐந்து நெறிகளை வகுத்து நூலாக்கினார். நூல்கள் பயன்படுவதற்கே உள்ளன என்பதும், படிப்பவரின் காலம் வீணாகலாகாது என்பதும் அந்நெறிகளின் உட்கிடை. அதே 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊரூராகக் கொண்டு செல்லும் நூலகமும் தொடங்கப்பெற்றது. அதுகாறும் காவலராக இருந்த நூலகர், அன்றுமுதல் அழைப்பவரானார். மக்கள் தம்மிடம் வரும்வரை காத்திராது தாமே மக்களிடம் செல்பவரானார். பேழையைத் திறந்துவிட்டால் நூல்கள் களவுபோகும் என்று அன்றும் அஞ்சினோர் உண்டு. அவ்வச்சத்தைப் பொருட்படுத்தியிருந்தால் தமிழ்நாட்டில் பொதுநூலகம் என்பதே வளர்ந்திராது.

அம்முயற்சிகளின் விளைவாகவே 1948-இல் சென்னை மாநிலப் பொதுநூலகச் சட்டம் பிறந்தது. தி.சு. அவினாசிலிங்கம் கல்வியமைச்சராக இருந்தபொழுது இயற்றப்பட்ட அச்சட்டம், இந்தியா விடுதலை பெற்றபின் எழுந்த முதற் பொதுநூலகச் சட்டமாகும். வீட்டுவரியோடு நூலக வரியும் தண்டுகின்ற முறை அதனால் ஏற்பட்டது. குடிசையில் வாழ்வானும் மாளிகையில் வாழ்வானும் அவ்வரி வழியே நூலகத்திற்கு உரிமையுடையவனாகின்றான். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் எனத் தமிழ்நாட்டில் இன்று 4,000-க்கு மேற்பட்ட பொதுநூலகங்கள் உள்ளமைக்கு அச்சட்டமே வேர். 1896-இல் திறக்கப்பெற்ற கன்னிமாரா நூலகமோ, 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படியைப் பெறும் உரிமை வாய்ந்த நான்கு நூலகங்களுள் ஒன்றாயிற்று.

இனி, இப்போது நிகழும் மாற்றத்தைக் காண்போமாயின், அது நூலகர் கையிலிருந்து எழுதுகோலை வாங்கிக்கொண்ட மாற்றம் எனலாம். முன்னெல்லாம் ஒரு நூல் வந்தால் அதனைப் பதிவேட்டில் எழுதி, எண்ணிட்டு, முத்திரையிட்டு, ஆசிரியர் பெயருக்கு ஓர் அட்டை, தலைப்பிற்கு ஓர் அட்டை, பொருளுக்கு ஓர் அட்டை எனத் தனித்தனியே எழுதி, இழுப்பறைகளில் அகரநிரலாக அடுக்குவர். ஒரு நூலுக்கு மூன்று நான்கு அட்டைகள் எனில் பதினாயிரம் நூல்களுக்கு எத்துணை அட்டைகள்! இன்று ஒருமுறை கணிப்பொறியில் பதிந்தால் போதும். எந்தச் சொல்லைக் கொண்டும் தேடலாம். நூலை ஒருவர் எடுத்துச் செல்வதும் திருப்புவதும் பட்டைக்கோட்டின் மேல் ஒளிபட்ட அளவில் பதிவாகின்றன. பெருநூலகங்களில் நூலுக்குள் ஒட்டிய சிறு வில்லையை வானலைவழி அறியும் பொறிகளும் வந்துவிட்டன; அவற்றின் துணையால் படிப்பவர் தாமே பதிந்து எடுத்துச் செல்லலாம்; வாரக்கணக்கில் நூலகத்தை மூடி இருப்பெடுத்த வேலை சில நாள்களில் முடிகின்றது. 1960-களில் அமெரிக்கப் பேராய நூலகத்தார் வகுத்த பொறிவழிப் பதிவுமுறையால், ஒரு நூலகம் செய்த பதிவை மற்றொரு நூலகம் அப்படியே எடுத்தாள முடிகின்றது. நியூசிலாந்தில் 2000-ஆம் ஆண்டு ஒரு சிறு நூலகத்தில் முதலிற் பயன்பாட்டிற்கு வந்து, யாவரும் விலையின்றிப் பெறும்படி விடப்பட்ட 'கோகா' என்னும் நூலகச் செயலி இன்று தமிழ்நாட்டிலும் பல நூலகங்களில் வழங்குகின்றது.

இவையெல்லாம் வரவேற்கத் தக்கனவே. எழுதியதையே எழுதிக் கைசலித்த நூலகர்க்கு இவை விடுதலை தருகின்றன. ஆயின் எழுதுகோல் பொறியிடம் போனதால் எண்ணும் வேலையும் அதனிடம் போய்விட்டது என்று கருதுவது பெரும் பிழை. பொறி தமிழைத் தானாக அறியாது. தமிழறிந்த நூலகர் ஒருவர் அருகில் நின்று கற்பித்தாலன்றி, அது தமிழ் நூலைக் கண்டெடுக்கத் தடுமாறும். இஃது எவ்வாறெனச் சில எடுத்துக்காட்டுகளாற் காணலாம்.

முதலாவது, எழுத்து. பல நூலகங்களில் தமிழ் நூல்களின் பெயர்கள் தமிழெழுத்தில் பதியப்படாமல் ஆங்கில எழுத்திற் பதியப்பட்டுள்ளன. முறைப்படி எழுதுங்கால் லகரம், ளகரம், ழகரம் மூன்றையும் வேறுபடுத்த எழுத்தின்கீழ்ப் புள்ளியும் கோடும் இடுதல் வேண்டும். அவற்றை இடுவதற்குப் பொறுமையின்றி விட்டுவிட்டால் வலி, வளி, வழி என்னும் மூன்று சொற்களும் ஒரு சொல்லாகிவிடும். மனமும் மணமும் ஒன்றாகும். அரமும் அறமும் ஒன்றாகும். ழகரத்தையே மூவர் மூன்று வகையாக எழுதுவர். தேடுகின்ற மாணவன் நான்காவது வகையாக எழுதித் தேடி, நூல் இல்லை என்று மீள்வான். நூலோ அவன் தலைக்குமேல் அடுக்கில் இருக்கும். உள்ள நூலை இல்லையெனச் சொல்லும் நூற்பட்டி, நூலை எரித்தவனுக்கு எவ்வகையில் மேம்பட்டது?

இரண்டாவது, புணர்ச்சி. தமிழில் இரு சொற்கள் சேருங்கால் எழுத்துத் திரியும். நல்ல தமிழ் நற்றமிழாகும். தண்மையான தமிழ் தண்டமிழாகும். குறள் என்பது குறட்பாவாகும். நூல் என்பது நூற்கடலாகும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடும் பொறிக்குக் குறளும் குறட்பாவும் வெவ்வேறு சொற்களே. அவ்வளவு ஏன்? தமிழிலக்கணம் என்னும் சொல்லில் ழகர மெய்யின்மேல் இகர உயிர் ஏறிவிட்டது. புள்ளியோடு கூடிய ழகரத்தைத் தேடும் பொறி, தமிழ் என்னும் சொல்லே அங்கு இல்லையெனக் கொள்ளும். எனவே ஒரு நூலைப் பதியும் நூலகர் அதன் தலைப்பைச் சேர்த்தெழுதிய வடிவிலும் பிரித்தெழுதிய வடிவிலும் தருதல் வேண்டும். நன்னூல் படித்தார்க்கு இஃது எளிது; படியாதார்க்கு அப்படி ஒரு வேலை உண்டென்பதே தோன்றாது.

மூன்றாவது, பெயர். மேலைநாட்டார் பெயரின் இறுதியில் குடும்பப்பெயர் நிற்கும். அதனை முன்னே கொணர்ந்து அகரநிரலில் அடுக்குவது அவர்தம் முறை. தமிழர்க்குக் குடும்பப்பெயர் என்பது பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னே நிற்கும். மேலைமுறையைக் கண்மூடிப் பின்பற்றினால் தேவநேயப் பாவாணர் என்னும் பெயரிற் பாவாணர் என்பது குடும்பப்பெயராகி, அவர் நூல்கள் ஓரிடத்திலும், ஞா. தேவநேயன் என்னும் பெயரில் வந்த நூல்கள் மற்றோரிடத்திலும் கிடக்கும். மறைமலையடிகள் தம் தொடக்கநூல்களை வேதாசலம் என்னும் பெயரிலேயே வெளியிட்டார். பரிதிமாற் கலைஞரோ தம் நூல்கள் சிலவற்றைச் சூரியநாராயண சாத்திரியார் என்னும் பெயரிலும் தனிப்பாசுரத் தொகையைத் தனித்தமிழ்ப் பெயரிலும் வெளிக்கொணர்ந்தார். இருபெயரும் ஒருவரையே குறிக்கும் என்று எடுத்துச்சொல்லி இணைப்பது நூலகரின் அறிவே. அவ்விணைப்பு இல்லையாயின், அடிகளின் எழுத்து எவ்வாறு வளர்ந்து மாறிற்று என ஆராயப் புகும் மாணவன் பாதி நூல்களையே காண்பான்.

நான்காவது, ஆண்டு. பழைய தமிழ் நூல்கள் பலவற்றின் முகப்பில் அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர் மட்டுமே இருக்கும். பிரபவ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது 1867-ஆகவும் இருக்கலாம், 1927-ஆகவும் இருக்கலாம். தாளின் தன்மை, எழுத்தின் வடிவம், அச்சகத்தின் பெயர், உரையின் நடை ஆகியவற்றைக் கண்டு முடிவு செய்பவர் நூலகரே. சில நூல்களில் ஆண்டு தமிழெண்களாலேயே இருக்கும். தனித்தமிழ் ஏடுகளிலும் நூல்களிலும் திருவள்ளுவர் ஆண்டே இடப்படுகின்றது. அதில் 31 கழித்தால்தான் பொது ஆண்டு கிடைக்கும். திருவள்ளுவர் ஆண்டு 2010 என அச்சிட்ட நூலைப் பொது ஆண்டு 2010 எனப் பதிந்துவிட்டால், 1979-இல் எழுந்த ஒரு கருத்து முப்பத்தோராண்டு பிந்தி எழுந்ததாகிவிடும். வரலாற்றையே திரிக்க இவ்வொரு பிழை போதும்.

ஐந்தாவது, பழைய எழுத்து. 1978-இல் தமிழ்நாட்டரசு ஆணையால் ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய 13 எழுத்துகளின் வடிவம் மாறிற்று. அதற்கு முற்பட்ட நூல்களைப் படமெடுத்து, அப்படத்தினின்று எழுத்தை அறியும் செயலிகள், பழைய வடிவங்களிற் பிழைபடுகின்றன. காலும் ரகரமும் அவற்றிற்கு மயங்கும். மங்கிய அச்சில் மெய்யின் புள்ளி விடுபடும். ஆகவே படமெடுத்தலோடு வேலை முடிவதில்லை. வரிவரியாக ஒப்புநோக்கித் திருத்தும் கண் வேண்டும். அக்கண் பழந்தமிழ் நூற்பயிற்சி உடையார்க்கே வாய்க்கும்.

இவற்றோடு பகுப்புமுறையும் கருதத் தக்கது. அமெரிக்கராகிய மெல்வில் தூயி 1876-இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பில் ஐரோப்பிய மொழிகளுக்கு ஆளுக்கோர் அறை விரிவாக ஒதுக்கப்பட்டது; எஞ்சிய உலக மொழிகள் யாவும் 490 என்னும் ஒரே அறையில் அடைக்கப்பட்டன. தமிழ்மொழிக்கு 494.811 என்னும் நீண்ட எண்ணே கிடைத்தது. அரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பிலோ தமிழின் எண் 31 என்னும் இரண்டிலக்கமே. யார் பகுக்கின்றாரோ அவர் நின்ற இடத்திலிருந்தே உலகம் பகுக்கப்படுகின்றது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா. மர்டாக்கு 1865-இலும், பார்னெட்டும் போப்பும் 1909-இலும் தமிழ் நூல்களுக்குப் பட்டி செய்தனர். அவ்வுழைப்பு போற்றத்தக்கதே, ஆயின் அப்பட்டிகள் ஆங்கிலம் அறிந்தார்க்காகச் செய்யப்பட்டவை. தமிழ் நூலைத் தமிழன் தமிழிலே தேடிப் பெறும் நிலையை ஆக்குவது இற்றை நூலகர் கையில் உள்ளது.

இனிக் காத்தற்பணியைக் காண்க. ஓலைச்சுவடி நெடுங்காலம் நில்லாது; செல்லும் ஈரமும் அதனை அழிக்கும். அதனால் முன்னோர் தலைமுறைக்கொரு முறை அதனைப் பெயர்த்தெழுதினர். பெயர்த்தெழுத ஆளில்லாத சுவடி மறைந்தது. மின்வடிவும் அத்தகையதே. 1990-களில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துருவில் தமிழைப் பதிந்தனர்; ஒரு கணிப்பொறியிற் பதிந்தது மற்றொன்றிற் புரியாக் குறிகளாகத் தெரிந்தது. 1999-இல் தமிழ்நாட்டரசு ஒரு பொதுக்குறியீட்டை ஏற்றது. பின்னர் 2010-இல் ஒருங்குகுறியை ஏற்று ஆணையிட்டது. இடையிற் செய்த பதிவுகளுள் புதிய குறியீட்டிற்கு மாற்றப்படாதவை, ஏடு இருந்தும் எழுத்து மறைந்த சுவடியை ஒக்கும். மின்னேட்டையும் காலந்தோறும் பெயர்த்தெழுதிக்கொண்டே இருத்தல் வேண்டும். ஒருமுறை படமெடுத்து வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்றிருப்பது பேதைமை.

ஒரே இடத்தில் ஒரே படியாக இருக்கும் நூல் அழிவின் வாயில் இருக்கும் நூலாகும். 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் இருந்தன. அக்கொடுமையை எண்ணி அழுவதோடு நில்லாமல், 2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் முயற்சியால் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் தேடித் தொகுத்து இணையத்தில் யாவரும் படிக்குமாறு இட்டு வருகின்றனர். தமிழ்நாட்டிலும், கோட்டையூரில் தனியொருவராக முயன்று ரோசா முத்தையா திரட்டிய நூல்கள் அவர் மறைந்தபின் சிதறிப்போகாமல், 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றன. நுண்படச்சுருளிலும் பின்னர் மின்வடிவிலும் அவை காக்கப்பட்டன. இவ்வேலைகளைச் செய்தோர் கதவு திறந்து மூடும் ஆள்களல்லர். நூலின் அருமை அறிந்தோர்.

படிப்பவரும் மாறியுள்ளனர். மைய நூலகத்திலும் கிளை நூலகங்களிலும் இன்று காலைமுதல் நிறைந்திருப்போர் பெரும்பாலும் போட்டித்தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். தம் நூலைத் தாமே கொணர்ந்து, இடமும் ஒளியும் அமைதியும் மட்டுமே வேண்டுவோர் அவருட் பலர். அவர்களைக் குறைகூறுதல் தகாது. வீட்டில் இடமில்லாத ஏழை மாணவனுக்கு நூலகமே வீடு. அவனுக்குத் தேர்வுநூலைக் காட்டுவதோடு, அதற்கு அடுத்த அடுக்கில் உள்ள வரலாற்று நூலையும் இலக்கிய நூலையும் நயமாகக் காட்டுவது நூலகரின் திறம். 2010-இல் கோட்டூர்புரத்தில் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-இல் மதுரையில் திறக்கப்பெற்ற கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்க்கும் பார்வையற்றோர்க்கும் தனிப்பிரிவுகள் உள்ளன. அப்பிரிவுகளிற் பணிபுரிவார்க்குத் தனிப்பயிற்சியும் தனிப்பொறுமையும் வேண்டும்.

அண்மையில் மற்றொரு வேலையும் சேர்ந்துள்ளது. கேட்டதற்கெல்லாம் நொடியில் விடையெழுதும் செயற்கையறிவுப் பொறிகள் வந்துள்ளன. அவை எழுதும் தமிழ் ஒழுங்காகவே தோன்றும். ஆயின் இல்லாத நூலை இருப்பதாகவும், ஒருவர் எழுதியதை மற்றொருவர் எழுதியதாகவும் அவை சிலபோது தயங்காமற் கூறும். அக்கூற்றை நம்பி நூலகத்திற்கு வரும் மாணவனிடம், இந்நூல் இல்லை, இருப்பது இது, சான்று இங்கே உள்ளது என்று எடுத்துக்காட்ட ஒருவர் வேண்டாவா? பொய்யும் மெய்யும் ஒரே திரையில் ஒரே எழுத்தில் தோன்றும் காலத்தில் நூலகரின் தேவை பெருகுமேயன்றிக் குறையாது.

ஆயின் நடைமுறை என்ன? ஒருவரே நூலகராகவும் உதவியாளராகவும் துப்புரவாளராகவும் இருக்கும் சிற்றூர் நூலகங்கள் பல. பகுதிநேர நூலகத்தில் மிகக் குறைந்த ஊதியத்திற்கு உழைப்பவரிடம், புணர்ச்சியறிந்து பதிக, பழவெழுத்தை ஒப்புநோக்குக, மாணவனுக்கு வழிகாட்டுக என்று கூறின் அவர் நகைப்பார், அன்றி அழுவார். பல இலக்கம் உருபா விலையில் பொறி வாங்குவோர், அதனை இயக்குவார்க்குப் பயிற்சி தர நினைப்பதில்லை. பொறி பழுதானால் பழைய அட்டைகளும் இல்லை. புதிய பட்டியும் இல்லை. அட்டைப்பேழைகளைப் புறக்கடையில் எறிவதற்கு முன் அவற்றிலுள்ள செய்தி முழுவதும் கணிப்பொறியில் ஏறியுள்ளதா என்று ஒருமுறை சரிபார்க்கவேண்டும். முன்னோர் அட்டையின் ஓரத்தில் எழுதிவைத்த சிறுகுறிப்பு, ஓர் ஆராய்ச்சிக்கே விதையாக இருக்கக்கூடும்.

ஆகலின் செய்யத்தக்கவை இவை. அரசு, தமிழ் நூல்களின் பதிவைத் தமிழெழுத்திலேயே முதற்கண் செய்ய ஆணையிடல் வேண்டும். ஆங்கில எழுத்து வடிவம் துணையாக நிற்கட்டும். ஆசிரியர்தம் பல பெயர்களையும் இணைக்கும் பொதுப்பட்டி ஒன்றைத் தமிழ்ப்புலவரும் நூலகரும் சேர்ந்து ஆக்கல் வேண்டும். அதனை எல்லா நூலகங்களும் எடுத்தாளலாம். நூலகக் கல்வி பயில்வார்க்குத் தமிழ் இலக்கணமும் பதிப்பு வரலாறும் பாடமாதல் வேண்டும். ஒழிந்த இடங்களை நிரப்பி, நிலையான பணியும் வாழத்தக்க ஊதியமும் தரல் வேண்டும். அதற்கென்றே மக்கள் நூலக வரி தருகின்றனர். நூலகர்களும் பொறியைக் கண்டு ஒதுங்குதல் கூடாது. அதனைக் கற்று ஆளாதவரை அதுவே அவரை ஆளும். பதிப்பிப்போர் நூலின் முகப்பில் ஆசிரியர் முழுப்பெயரையும், திருவள்ளுவர் ஆண்டோடு பொது ஆண்டையும் தவறாமல் அச்சிடுக. சட்டப்படி தரவேண்டிய படிகளைத் தருக.

தமிழ்மக்களுக்கும் ஒரு கடமை உண்டு. வரி கட்டியதோடு உரிமை முடிந்ததெனக் கருதாமல், தம் ஊர் நூலகத்தில் உறுப்பினராகச் சேர்ந்து, தம் பிள்ளைகளையும் சேர்த்து, திங்களுக்கொரு நூலேனும் கேட்டுப் பெறுதல் வேண்டும். கேட்பார் இருந்தால்தான் நூலகத்திற்கு ஆள் வேண்டும் என்பதை ஆள்வோர் மறுக்கவியலாது. கேட்பாரற்ற நூலகத்தை மூடுவது எவர்க்கும் எளிது.

நூலைப் பொறி சுமக்கும், எண்ணிக் காட்டும், தேடவும் உதவும். அந்நூலை இன்னார்க்கு இன்னது பயன்படும் என்றறிந்து அவர் கையிற் சேர்ப்பவர் நூலகர் ஒருவரே. அவரை இழந்தபின் நூல்கள் அடுக்கில் இருந்தும் பயனில்லை. அந்நிலை வாராமற் காப்பது தமிழறிந்தார் அனைவர்க்கும் பொதுவான பொறுப்பாகும்.